இரவெல்லாம் ஒத்தடம் கொடுக்கலாமா? நாள்பட்ட இடுப்பு வலியும் சூட்டின் அளவும்

கேள்வி: எனக்கு 51 வயதாகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலராக இருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் வரும் நாளில் காலையில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் எழுந்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக இடுப்பின் இரு பக்கமும் வலி. காலுக்கு இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘எல் 4 – எல் 5 டிஸ்க் பல்ஜ்’ என்று எழுதியிருக்கிறது. ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலி அதிகமானால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். தைலம் தேய்த்து, மகன் வாங்கித் தந்த கரண்ட் ஒத்தடப் பையை இடுப்புக்கு அடியில் வைத்துப் படுத்தால்தான் தூக்கம் வருகிறது. பல நாள் விடியும்வரை அப்படியே தூங்கிவிடுகிறேன். இப்போது அந்த இடத்தில் வலை பின்னியதுபோலப் பழுப்பு நிறக் கோடுகள் விழுந்திருக்கின்றன. எரிச்சலோ அரிப்போ இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, ‘வாயு வெளியேறுகிறது, இன்னும் கொஞ்சம் சூடு வை’ என்கிறார். கல்லுப்பு ஒத்தடம் இதைவிட நல்லதா? நாள் முழுவதும் பெல்ட் போடலாமா? வேலையை விட்டுவிட வேண்டியிருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு செய்திதான் அவற்றை எல்லாம்விட அவசரமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இன்று இரவு முதல் ஒத்தடப் பையை உடலுக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். முதுகில் விழுந்திருக்கும் பழுப்புக் கோடுகளுக்கும் வாயுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொப்பளம் எழுப்பும் அளவுக்குக் கடுமையாக இல்லாத சூடு, ஒரே இடத்தில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் திரும்பத் திரும்பப் படும்போது, தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களின் அமைப்பை ஒட்டி இப்படி வலைபோன்ற கறை விழும். மருத்துவத்தில் இதற்கு ‘எரித்தீமா ஆப் இக்னே’ என்று பெயர். முன்பு கணப்பு அடுப்பின் பக்கத்தில் நாள்தோறும் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களில் இது காணப்பட்டது. இப்போது மடிக்கணினியைத் தொடைமேல் வைத்து வேலை செய்பவர்களிடமும், உங்களைப்போல நாள்பட்ட வலிக்கு ஒத்தடம் கொடுப்பவர்களிடமும் காண்கிறோம். காஷ்மீரில் குளிர்காலத்தில் தணல் நிரப்பிய காங்கிரி என்னும் மண் சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அங்கே இந்தக் கறை பலருக்கும் பழக்கமானது. பல்லாண்டுகள் அப்படிச் சூடுபட்ட தோலில் சிலருக்குப் புற்றுநோய் வருவதும் நெடுங்காலமாகவே மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி.

இதைப் படித்து நீங்கள் பயந்துவிடக் கூடாது. சூட்டை நிறுத்திவிட்டால் தொடக்க நிலையில் உள்ள கறை சில மாதங்களில் மெல்ல மங்கும். சிலருக்கு முழுமையாக மறையாமல் இலேசான நிறம் தங்கிவிடும். புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஆனாலும் ஒரு முறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. அந்த இடத்தில் தோல் தடித்தாலோ, செதில் உதிர்ந்தாலோ, ஆறாத புண் வந்தாலோ தாமதிக்கவே கூடாது. கறை இருக்கும் இடத்தில் இனி எந்த வகையான சூடும் வைக்க வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம் சூடு வை’ என்று சொன்ன அக்கா உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

‘கை பொறுக்கும் சூடுதானே, அது எப்படித் தோலைக் கெடுக்கும்?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். சூடு தோலைக் கெடுப்பதற்கு வெப்பநிலை மட்டும் காரணமல்ல, அது எவ்வளவு நேரம் படுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. தோலின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் ஆனால் சில விநாடிகளில் தீக்காயம் ஏற்படும். 49 டிகிரியில் அதற்குப் பத்து நிமிடம் போதும். வெறும் 44 டிகிரியில்கூட, ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோல் வெந்துவிடும். நீங்கள் இரவு பத்து மணிக்குப் படுத்து விடியற்காலையில் எழுந்தால் அந்த ஆறு மணி நேரம் கடந்துவிடுகிறது. பையின்மேல் படுத்திருப்பதால் இன்னொரு கெடுதலும் உண்டு. உடலின் எடை அந்த இடத்துத் தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. வழக்கமாக இரத்தம்தான் தோலில் சேரும் சூட்டை அள்ளிச் சென்று உடல் முழுவதும் பரப்பும், இங்கே அதற்கு வழியில்லாமல் போகிறது. படுக்கைக்கும் முதுகுக்கும் இடையே சிக்கிய பையின் சூடும் வெளியேற இடமின்றி ஏறிக்கொண்டே போகிறது. ஒத்தடப் பையை உடலின்மேல் வைக்க வேண்டும், உடலை அதன்மேல் வைக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பது இந்த எச்சரிக்கையை இரட்டிப்பாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்புகளின் உணர்ச்சி படிப்படியாகக் குறையலாம். பெரும்பாலும் அது கால் விரல்களில் தொடங்கி மேலே ஏறும். சிலருக்கு உடற்பகுதியிலும் வரும். உணர்ச்சி குறைந்த தோலில் கொப்பளம் எழுந்தாலும் தெரியாது. புண் ஆறுவதும் தாமதமாகும். ஆகவே சர்க்கரை உள்ளவருக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பதற்கு முன்னால் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒரு எளிய சோதனை செய்வார். ஒரு கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் நிரப்பி, உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஒத்தடம் கொடுக்க வேண்டிய இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, ‘இது சூடா, குளிர்ச்சியா?’ என்று கேட்பார். இரண்டையும் தடுமாறாமல் சரியாகச் சொன்னால்தான் அந்த இடத்தில் ஒத்தடம் கொடுக்கலாம். இதே சோதனையைப் பாதத்திலும் செய்துகொள்ளுங்கள். பாதம் மதமதவென்று இருக்கிறது என்று வெந்நீரில் காலை வைத்து ஊறப்போட்டு, கால் முழுவதும் கொப்பளித்து வருகிற சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது. இடுப்பு வலிக்குக் காட்டும் அக்கறையைப் பாதத்துக்கும் நீங்கள் காட்ட வேண்டும்.

அடுத்தது தைலம். தைலம் தேய்த்த தோலின்மேல் ஒத்தடம் கொடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். கடைகளில் கிடைக்கும் வலித் தைலங்களில் பெரும்பாலும் மெந்தால், மெத்தில் சாலிசிலேட், கற்பூரம் ஆகியவை இருக்கின்றன. சிலவற்றில் மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் சேர்க்கிறார்கள். மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு ஏற்பியும் ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஏற்பியும் ஒன்றே என்பதை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997இல் கண்டறிந்தது. அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக அவர் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய்ச் சத்துள்ள களிம்பைப் பூசிய இடத்தில் சூடும் வைத்தால், ஒரே ஏற்பி இரு பக்கமும் தூண்டப்படுகிறது. மெந்தாலோ குளிர்ச்சியான உணர்வைத் தந்து, உண்மையில் எவ்வளவு சூடு படுகிறது என்பதை மறைத்துவிடுகிறது. சூட்டினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரியும்போது மெத்தில் சாலிசிலேட் உடலுக்குள் வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சப்படும். இந்த வகைக் களிம்புகளால் அரிதாகக் கடுமையான தீக்காயங்கள் ஏற்படுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. பூசிய இடத்தில் சூடு வைக்க வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம் என்பது அதன் அறிவுரை. தைலம் வேண்டும் என்றால் தைலம் மட்டும், ஒத்தடம் வேண்டும் என்றால் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் ஒத்தடம் மட்டும்.

இவ்வளவு எச்சரிக்கையைப் படித்ததும் ஒத்தடமே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அளவோடு கொடுத்தால் ஒத்தடம் நல்ல துணை. இறுகிய தசை தளர்கிறது, மூட்டுகளின் விறைப்புக் குறைகிறது, தோலிலிருந்து செல்லும் இதமான உணர்வு முதுகுத் தண்டில் வலிச் செய்தியின் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் மேலே வைக்கும் சூடு உடலுக்குள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான் சரியாக எட்டும். உங்கள் எம்.ஆர்.ஐ.யில் சொல்லப்பட்ட டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு, அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் இருக்கிறது. எவ்வளவு சூடு வைத்தாலும் அது டிஸ்க்கைத் தொடப் போவதில்லை, தோல்தான் வேகும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட தொகுப்பு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட இடுப்பு வலியில் சூட்டுப் பட்டைகள் வலியைக் குறுகிய காலத்துக்குச் சிறிதளவு குறைக்கின்றன என்றும், அதோடு உடற்பயிற்சியைச் சேர்த்தால் பயன் கூடுகிறது என்றும் கூறியது. நான்கு ஆண்டாக இருக்கும் வலியை ஒத்தடம் மட்டும் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எனவே ஒத்தடத்தை வலி தணிந்திருக்கும் அரை மணி நேரத்தை வாங்கித் தரும் ஒன்றாக மட்டும் கருதுங்கள். அந்த அரை மணி நேரத்தை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் உங்கள் முன்னேற்றம் இருக்கிறது. இப்போது நீங்கள் அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்கிறீர்கள். இனிமேல் அதை உடலை அசைப்பதற்குப் பயன்படுத்த வேண்டும்.

எப்படிக் கொடுப்பது என்று விளக்கமாகச் சொல்கிறேன். உணர்ச்சிச் சோதனை முடிந்து, கறை இல்லாத இடத்தில், தோல் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது சாதாரண ரப்பர் வெந்நீர்ப் பை. நேரம் போகப் போக அதன் சூடு தானாகவே குறையும், கரண்ட் பையில் அப்படிக் குறையாது. கொதிக்கும் நீரை நேராக ஊற்றக் கூடாது. ஒரு பங்கு கொதித்த நீருக்கு இரண்டு பங்கு குழாய் நீர் கலந்தால் நம் ஊர் வெயிலில் ஏறத்தாழ 50 டிகிரி சூடு கிடைக்கும், அது போதும். கலந்த நீரின் சூட்டை உங்கள் விரலால் பார்க்காமல், வீட்டில் சர்க்கரை இல்லாத ஒருவரின் மணிக்கட்டு உள்பக்கத்தில் பட வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பையில் மூன்றில் இரண்டு பாகம் மட்டும் நிரப்பி, நீர் வாய்வரை வரும்படி மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடியைத் திருகுங்கள். தலைகீழாகப் பிடித்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கனமான துண்டை இரண்டாக மடித்துச் சுற்றுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்துக்கொண்டு, பையை இடுப்பின்மேல் சாய்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது பையைத் தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு இருக்கலாம், நம் மாநிறத் தோலில் அது தெரியாமலும் போகலாம், ஆகவே கையால் தொட்டுப் பார்க்கட்டும். திட்டுத் திட்டாக நிறம் மாறினாலோ, எரிச்சல் என்று நீங்கள் சொன்னாலோ உடனே எடுத்துவிட வேண்டும். பதினைந்து நிமிடம் போதும்; எந்தக் காரணத்துக்காகவும் இருபதைத் தாண்டக் கூடாது. செல்போனில் அலாரம் வைத்துவிட்டே தொடங்குங்கள், ஏனென்றால் இதமான சூட்டில் கண் அசந்துவிடுவது இயல்பு. நாளுக்கு இரண்டு முறை கொடுக்கலாம், இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். ரப்பர் பழசாகி வெடிப்பு விட்டாலோ, மூடியின் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்தாலோ பையை மாற்றிவிடுங்கள். கரண்ட் பையைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், மின் இணைப்பில் இருக்கும்போது உடலில் வைக்கக் கூடாத சார்ஜ் வகையா என்பதை அட்டைப் பெட்டியில் படித்துப் பார்க்கட்டும்.

கல்லுப்பு ஒத்தடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உப்பாக இருந்தாலும், தவிடாக இருந்தாலும், நொச்சி இலையாக இருந்தாலும் வலியைத் தணிக்கும் வேலையைச் செய்வது அதிலிருக்கும் சூடுதான். உப்பை இரும்பு வாணலியில் வறுக்கும்போது அது 100 டிகிரிக்கும் மேலே சூடாகும். தண்ணீர் அப்படி ஆக முடியாது. அந்த உப்பை ஒற்றைத் துணியில் முடிந்து தோலில் வைத்தால் சில விநாடிகளில் பொரிந்துவிடும். பழக்கப்பட்ட கைகள் ஒத்தி ஒத்தி எடுப்பதால் பலர் தப்பிக்கிறார்கள், முடிச்சை அப்படியே வைத்துவிட்டு மறந்தவர்கள் காயப்படுகிறார்கள். சர்க்கரை உள்ள உங்களுக்கு உப்பு ஒத்தடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று: அடிபட்டு வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள், சீழ்பிடித்த அல்லது காய்ச்சலோடு சிவந்த இடத்தில், புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில், இரத்தக் கட்டி அடைத்த காலில் சூடு கூடாது, கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் ஒத்தடம் வைப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலின் போட்ட இடத்தின்மேல் சூடு வைத்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டை போட்டிருப்பவர் சூடு வைத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இனி, ஒத்தடம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கும். வயிற்றை உள்ளே இழுத்து, அந்த இடைவெளி மூடும்படி இடுப்பைப் பாயோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். மூச்சை அடக்காதீர்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி மெல்ல இழுங்கள். அடுத்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்குங்கள். வலி சற்றே கூடினால் பயப்பட வேண்டாம். அது பயிற்சி முடிந்து சில மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டால் அளவு சரி என்று பொருள். மறுநாளும் இறங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வலி காலுக்கு இறங்கத் தொடங்கினால் மட்டும் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதற்கு அடுத்ததாக நடை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து தணிந்த 701 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் நடைப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர இடைநிலையாக 208 நாட்கள் ஆயின. அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாட்களிலேயே திரும்பியது. உங்களுக்கு வலி இன்னும் தணியவில்லை என்பதால் அந்த எண்கள் அப்படியே பொருந்தா. இருந்தாலும் வாரத்தில் ஐந்து நாள் பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரத்துக்குக் கூட்டும் நடை இடுப்புக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற சொல் உங்களை எவ்வளவு அச்சுறுத்தியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ‘ஜவ்வு விலகிவிட்டது, இனி குனியவே கூடாது’ என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். இடுப்பு வலியே இல்லாதவர்களைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றுதிரட்டியபோது, ஐம்பது வயதினரில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. தலைமுடி நரைப்பதைப்போல வயதோடு வரும் மாற்றம் இது. உங்களுக்குக் காலில் வலியோ பலக்குறைவோ இல்லை என்பது நல்ல அறிகுறி. குனியலாம், நிமிரலாம், தரையில் உட்காரலாம். பயந்து பயந்து உடலை விறைப்பாக வைத்திருப்பதுதான் தசைகளை ஓய விடாமல் வலியைத் தொடரச் செய்கிறது.

பெல்ட்டைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: நாள்பட்ட இடுப்பு வலிக்கு இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நீண்ட பஸ் பயணத்தில் ஓரிரு மணி நேரம் கட்டிக்கொள்வதில் தவறில்லை. ஒரேயடியாகக் கழற்றத் தயக்கமாக இருந்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெல்ட்டுக்கு உள்ளே ஒத்தடப் பையை வைத்துக் கட்டுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

வலி மாத்திரையை மெடிக்கலில் நீங்களே வாங்கிச் சாப்பிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கக் கூடியவை. சர்க்கரை ஏற்கெனவே சிறுநீரகத்துக்குச் சுமையாக இருக்கும் உடலில் அவற்றை நாள்கணக்கில் போடுவது ஆபத்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் இருக்கிறதா என்பதையும் பார்த்தபின், மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சொல்லும் நாட்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள்.

ஒத்தடம், பயிற்சி எதற்கும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அறியாமலே கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப் போவது, ஒரு காலோ இரு காலுமோ பலம் இழந்து வருவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். முதுகுத் தண்டின் அடி நரம்புகள் நசுங்குவதன் அடையாளம் அது, மணிக்கணக்கில் தாமதித்தாலும் பலம் திரும்பாமல் போகலாம். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் இன்னும் பரவலாக இருக்கிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பும் அதிகம். இதை வெறும் இடுப்புப் பிடிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக, வேலை. வேலையை விட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. வீட்டில் படுத்திருப்பதால் நாள்பட்ட வலி குறைவதும் இல்லை. உங்கள் இடுப்பைக் கெடுப்பது தையல் வேலை என்பதைவிட, சாய்மானம் இல்லாத ஸ்டூலில் முன்னே குனிந்தபடி மணிக்கணக்கில் எழுந்திருக்காமல் இருப்பதுதான். ஸ்டூலின் உயரத்தைச் சரிபாருங்கள்: பெடலில் பாதம் முழுமையாகப் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், ஊசியைப் பார்க்கக் கழுத்தை மட்டும் தாழ்த்தினால் போதும் என்ற தூரத்தில் மேசை இருக்க வேண்டும். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் பழைய துணிகளைத் தட்டையாக அடுக்கித் தைத்த திண்டு ஒன்று போடலாம், அதைத் தைக்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை, கட்டு முடிந்து அடுத்த கட்டு வரும் இடைவெளியில், எழுந்து நின்று இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் ஐந்து முறை சாயுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஒன்றரை ஷிப்டைக் கொஞ்ச காலம், மூன்று மாதமாவது, ஒரு ஷிப்டாகக் குறைத்துத் தரும்படி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். சம்பளம் குறையும் என்பது எனக்குத் தெரிகிறது, அதனால் இதை எளிதாகச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்கும் நடைக்கும் நேரமே இல்லாத நாளில் நான் எழுதிய எதையும் நீங்கள் செய்ய முடியாது. மருத்துவர் எழுதித் தரும் சான்று இருந்தால் கேட்பது சுலபமாகும்.

உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே இயன்முறை மருத்துவருக்கும் தோல் மருத்துவருக்கும் பரிந்துரை கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்; 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கான மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. போகும் நாளில் எம்.ஆர்.ஐ. படத்தோடு, கடைசியாக எடுத்த சர்க்கரை, கிரியாட்டினின் முடிவுகளையும், நீங்கள் சாப்பிடும் வலி மாத்திரையின் அட்டையையும், தேய்க்கும் தைலத்தின் புட்டியையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். முதுகில் உள்ள கோடுகளை மகனைவிட்டு இன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு முறை அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டால், கறை மங்குகிறதா என்பது மருத்துவருக்கும் உங்களுக்கும் தெரிந்துவிடும்.